அக்கா கலக்கிய களிம்பு

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊரார் முகத்துக்குள் போய் நிற்கிற பழக்கம் வந்துவிடும். பிரேம் காதில் சரியாக உட்கார்ந்ததா, மூக்கில் சறுக்குகிறதா, இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றெல்லாம் பார்ப்பதற்கு, வந்தவரின் மூச்சு நம் கன்னத்தில் படுகிற அளவுக்கு நெருங்கித்தான் ஆக வேண்டும். சின்னவள் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அந்தப் பெயர். அக்கா ஒருநாள் கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிட்டுவிட்டதில் கடையிலும் அதுவே நிலைத்துவிட்டது.

கழுவித் தரச் சொல்லிப் பழைய கண்ணாடிகளைக் கொண்டுவருவார்கள். மூக்கில் பதிகிற அந்தச் சின்ன ரப்பர்த் துண்டுகளின் அடியில் பச்சையாகப் பாசி போல ஒன்று படிந்திருக்கும். வியர்வை, எண்ணெய், பவுடர், உதிர்ந்த தோல் எல்லாம் சேர்ந்து ஊறிப்போன அழுக்கு. சின்னவள் அதை ஊசி முனையால் கிண்டி எடுத்துத் துணியில் துடைத்துவிட்டு, அதே கையோடு அடுத்ததை எடுப்பாள். பக்கத்து மேஜையில் லென்ஸ் தேய்க்கிறவர் அதைக் கண்டால் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குக் குமட்டியது ஒரே ஒரு முகத்தைப் பார்த்தால்தான். கடை முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி என்பதால், திரும்பிய பக்கமெல்லாம் அந்த முகமே வந்து நின்றது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆரம்பித்த பருக்கள். வந்த சுவடு தெரியாமல் போகிற ரகம் இல்லை. தொட்டால் உயிர் போகிற, உள்ளே சீழ் கோத்த கட்டிகள். அக்கா அப்போதே கைராசிக்காரி. தங்கையைப் பின்வாசல் படியில் உட்காரவைத்து, இரண்டு கட்டைவிரல் நகங்களாலும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி, வெளியே வந்ததை அவளுக்கே காட்டி, எவ்வளவு இருந்திருக்கிறது பார் என்பாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் மறுநாள் அவளே போய் உட்காருவாள். அசிங்கமெல்லாம் வெளியே வந்துவிட்டால் முகம் சுத்தமாகிவிடும் என்று இரண்டு பேருமே நம்பினார்கள். வயது ஏற ஏறப் பருக்கள் அடங்கின. அவை இருந்த இடம் அடங்கவில்லை. மணலில் பெருந்தூறல் விழுந்த மாதிரி இரண்டு கன்னத்திலும் குழிகள். குழிகளைச் சுற்றிக் கறுப்பும் பழுப்புமாகத் தழும்புகள்.

முகத்தில் தழும்பு இருக்கிறவளுக்கு வைத்தியம் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. கண் அளக்க உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, மூக்கோடு மூக்காக இருக்கும்போதே, அம்மை போட்டிருந்ததா என்று கேட்டாள். பரு என்று சொன்னதும், பருவா, இப்படியா என்று தன் முகத்தைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள், ஒட்டிக்கொள்ளும் என்பது போல. பிறகு, காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வாயில் ஊறுகிற எச்சிலைத் தடவினால் எல்லாம் மறைந்துவிடும் என்று காதோடு சொன்னாள். சின்னவள் சிரித்து மழுப்பினாள். அதையும் செய்து பார்த்தவள்தான் அவள் என்று எப்படிச் சொல்வாள்? நாறும் எச்சில் காய்ந்து முகத்தில் இழுக்க இழுக்க, கண்ணை மூடிக்கொண்டு, தன்னைத்தானே வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலைகள் எத்தனையோ.

அக்கா தன் வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்திவந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீளப் பெஞ்சு. அத்தானுக்கு எந்த வேலையும் கையில் நிற்காது. வாயில் மட்டும் பெரிய பெரிய வேலையெல்லாம் நடக்கும். அவர்கள் இருவரும் சேர்ந்துதான் அந்தக் களிம்பைக் கொண்டுவந்தார்கள். பெயரோ சீட்டோ ஒட்டாத வெள்ளை டப்பா. திறந்தால் ரோஜா வாசனை, அதற்கு அடியில் மருந்துக் கடை நெடி. தெரிந்தவர் ஒருவர் செய்து தருகிறார், எல்லாம் மூலிகை என்றாள் அக்கா. முதல் டப்பாவைத் தங்கையின் கையில்தான் வைத்தாள்.

"ராவுல பூசிட்டு படு. என்ன நம்பு."

சின்னவள் நம்பினாள். சில வாரங்களுக்குள் அவள் முகத்தை அவளாலேயே நம்ப முடியவில்லை. கறுப்பெல்லாம் வெளுத்தது. அவ்வப்போது தலைகாட்டிய ஒன்றிரண்டு பருக்களும் ஓடி ஒளிந்தன. குழிகள் குழிகளாகவே இருந்தாலும், தோல் லேசாக உப்பி ஒரு மினுமினுப்பு வந்ததில் அவை அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. முதலாளி அவளை உள்மேஜையிலிருந்து வாசல் மேஜைக்கு மாற்றினார். அக்கா அவளை ஜன்னலோரம் நிற்கவைத்து கைப்பேசியில் படம் பிடித்தாள். பழைய படம் ஒன்றையும் தேடி எடுத்து, இரண்டையும் பெரிதாக்கி, 'முன்பு', 'பின்பு' என்று எழுதி, பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். ஊரெல்லாம் தன் முகத்தை இப்படிப் பார்க்கிறதே என்று சின்னவளுக்கு முதலில் கூசியது. பிறகு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் 'பின்பு' படத்தை ஓரக்கண்ணால் ரசிக்கவும் செய்தாள்.

ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போனவள் டப்பாவை எடுத்துப்போக மறந்துவிட்டாள். அங்கே இருக்கும்போதே கன்னம் இரண்டும் நெருப்பாய் எரிந்தன. மறுநாள் சிவந்து தடித்து, அதன் மேல் கடுகு கொட்டினாற்போல் பொரிப் பொரியாகக் கிளம்பிவிட்டது. வீடு வந்ததும் வராததுமாக அள்ளிப் பூசினாள், அடங்கியது. அக்காவிடம் சொன்னபோது, உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது, விடாமல் போட்டால் சரியாகிவிடும் என்றாள். அதே பழைய பேச்சு.

அதற்குப் பிறகு ஒருநாள் பூசாவிட்டாலும் எரிந்தது. வெயிலில் நின்றால் அறைந்த மாதிரி சிவந்தது. தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே ஓடுகிற சிவப்பு நரம்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. தாடை ஓரத்தில் பூனைமயிர் அடர்ந்து வளர்ந்தது. கடையில் லென்ஸைச் சோதிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து ஒருநாள் தன் முகத்தைப் பார்த்தவள் அதை உடனே கவிழ்த்து வைத்துவிட்டாள். எலிக்குஞ்சின் தோல் ஞாபகம் வந்தது. கண் திறக்காத, சிவந்த, மயிர் முளைக்கத் தொடங்கிய எலிக்குஞ்சு.

டப்பா தீர்ந்துபோய், வழித்தெடுக்கவும் ஒன்றுமில்லாமல் ஆன ஒரு விடுமுறை நாள் மதியம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். முன்னறையில் யாரும் இல்லை. சமையலறையில் பேச்சுக் குரல் கேட்டது. நேராக அங்கே போய்விட்டாள்.

தரையில் செய்தித்தாளை விரித்து அத்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே சட்டை இல்லை. ஒரு பக்கம் படை சொறிக்குப் போடுகிற களிம்புக் குழாய்கள் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக மூடியைத் திருகி, மாவு தேய்க்கிற உருட்டுக்கட்டையால் அடியிலிருந்து அழுத்தி உருட்டினார். வெள்ளைப் புழு போல் நெளிந்து வந்த களிம்பு நேராக ஒரு பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது. வீடு துடைக்கிற வாளி. அதன் விளிம்பில் கருத்த அழுக்குக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. அக்கா குனிந்து குழம்புக் கரண்டியால் அதைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நடுநடுவே முகத்தில் பூசுகிற லோஷன் ஊற்றினாள், வாசனைத் தைலம் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவள் நெற்றியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. அவள் அதையும் சேர்த்துக் கலக்கினாள். அத்தான் வாளிக்குள் விரலை விட்டு ஒரு முடியை இழுத்து எடுத்து, தன் தொடையில் துடைத்துக்கொண்டார்.

தெரிந்தவர் செய்து தரும் மூலிகை இதுதான்.

சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எத்தனை இரவுகள் இதை மூக்கோரமும் உதட்டோரமும் பூசிக்கொண்டு படுத்திருக்கிறாள். தூக்கத்தில் நாக்கில் பட்டு விழுங்கியும் இருப்பாள். நசுங்கிய குழாய்கள் ஒரு பையில், உரித்துப் போட்ட பாம்புச் சட்டைகள் போலத் திணித்துக் கிடந்தன. அத்தான் அவளைப் பார்த்து ஒருகணம் திகைத்தார். பிறகு பல்லைக் காட்டி, வா வா, புதுசாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார், ஏதோ பலகாரம் போடுகிற மாதிரி.

அதைவிட அவளுக்குக் கேவலமாகப் பட்டது அடுத்து அவளே செய்த காரியம்தான். கன்னம் எரிந்துகொண்டிருந்தது. குமட்டலை விழுங்கிக்கொண்டு, தன் வாயாலேயே இன்னொரு டப்பா கேட்டாள். அக்கா வாளியிலிருந்து கரண்டியால் எடுத்து டப்பாவில் நிரப்பி, விளிம்பில் ஒழுகியதை விரலால் வழித்து, மூடித் தந்தாள். டப்பா வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் அக்காவின் மகள் உள்ளே வந்தாள். வயதுக்கு மீறிய துறுதுறுப்பால் வாலு என்று பெயர் வாங்கியவள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் நெற்றியிலும் கன்னத்திலும் புதிதாகப் பருக்கள் கிளம்பியிருந்தன. வந்தவள் யாரும் பார்க்காத மாதிரி வாளிக்குள் விரலை விட்டாள். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பளாரென்று தட்டினாள். குழாய்த் தண்ணீரில் அந்த விரலைப் பிடித்துத் தேய்த்துக் கழுவினாள், விஷத்தைக் கழுவுகிறவள் போல.

"இதத் தொடாதேன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"சித்திக்கு மட்டும் குடுக்குறீங்க."

"ஒனக்கு டாக்டர் எழுதிக் குடுத்த ஜெல் இருக்குல்ல. அதப் போடு. போ."

வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். சின்னவள் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். எந்த டாக்டர் என்று கேட்டாள். அக்கா குனிந்து கரண்டியைத் தேடினாள். அத்தான்தான் முந்திக்கொண்டு, ஆஸ்பத்திரித் தெருவில் இருக்கிற தோல் டாக்டரம்மா, கெட்டிக்காரி, பிள்ளைக்கு நன்றாகக் கேட்கிறது என்று உளறினார்.

"அவளுக்கு ஏன் இது போடல?"

"அவ கொழந்தடி."

"நான்?"

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ குத்தலோ இல்லை. பழைய மிதியடியை எங்கே போடலாம் என்று யோசிக்கிறவளின் பார்வை.

"ஒன் மொகத்துல இனிமே கெடறதுக்கு என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுக் கலக்கத் தொடங்கினாள். நீ சந்தோஷமாகத்தானே இருந்தாய், போட்டோவில் எவ்வளவு அழகாக இருக்கிறாய், நான் கெடுதலா செய்தேன் என்று அதற்குப் பிறகு ஏதேதோ பூசி மெழுகினாள். சின்னவளின் காதில் எதுவும் ஏறவில்லை. அந்தக் கரண்டி வாளியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அங்கேயே வாந்தி எடுத்துவிடுவோமோ என்று பயந்து வெளியே வந்தாள். தெரு முனைக்கு வந்தபிறகுதான் டப்பா இன்னும் கையில் இருப்பது தெரிந்தது. தூக்கி எறியக் கை ஓங்கியவள், என்ன நினைத்தாளோ, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரித் தெருவைத் தேடிப் போனாள்.

தோல் டாக்டரம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரத்த குரலில் பேசினார். சின்னவளின் முகத்தை விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. அவள் நீட்டிய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூடினார். அந்த வாசனை தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், இந்த ஊரில் அதைப் பூசிக்கொண்டு வந்த முகங்களைத் தொடர்ந்து பார்ப்பதாகவும் சொன்னார். படை சொறிக்குச் சில நாள் மட்டும் போடுகிற ஸ்டீராய்டு களிம்பு அது. கூடவே தோலை வெளுக்கவைக்கிற மருந்தும் கலந்திருப்பார்கள். முதலில் எல்லாவற்றையும் அமுக்கிக் காட்டும். பிறகு அது இல்லாமல் தோலால் இருக்க முடியாது. யார் கொடுத்தது என்று கேட்டார். அக்கா என்றாள் சின்னவள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி, ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

"நிறுத்தினா இன்னும் மோசமாகும். எரியும், நீர் ஊத்தும், பாக்கவே முடியாது. அதுக்குப் பயந்து திரும்பவும் இதையே எடுத்தீங்கன்னா மீளவே முடியாது. பொறுத்து இருப்பீங்களா?"

இருப்பேன் என்றாள். குழிகள் போகுமா என்றும் கேட்டாள். எந்தக் களிம்பும் குழியை நிரப்பாது என்றார் டாக்டரம்மா. தோல் ஆறிய பிறகு இரவில் போட ஒரு ஜெல் தருவதாகவும், அது கறையைக் கலைத்து, புதிதாகப் பரு வராமல் பார்த்துக்கொண்டு, மேடு பள்ளத்தைக் கொஞ்சமே கொஞ்சம் சமன் செய்யும் என்றும், அதற்கே மாதக்கணக்காகும் என்றும் சொன்னார். பருவை நகத்தால் பிதுக்கினீர்களா என்று கேட்டார். சின்னவள் தலையசைத்தாள். யார் நகம் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டப்பாவை சோதனைக்கு அனுப்பலாமா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, தாராளமாக என்று மேஜை மேல் தள்ளிவிட்டு வந்தாள்.

டாக்டரம்மா சொன்னதில் ஒன்றும் குறையவில்லை. காலையில் எழுந்தால் தலையணை உறை கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர் விட்டு நனைத்து, மெல்ல மெல்ல உரித்தெடுக்க வேண்டும். உறையில் மஞ்சளாக அவள் முகத்தின் அச்சு இருக்கும். நீர் வடிந்து, காய்ந்து, செதில் செதிலாக உதிர்ந்து, அதற்கு அடியிலிருந்து சீழ் வைத்த பொரிகள் திரும்பவும் கிளம்பின. வாடை வந்தது. தன் வாடையே தனக்குப் பொறுக்காமல் அவள் வாயால் மூச்சு விட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் மோவாயிலிருந்து செதில் ஒன்று தட்டில் விழும். எழுந்து போய்த் தட்டைக் கழுவிவிடுவாள். டாக்டரம்மா எழுதிய மாத்திரையும் வாசனையில்லாத ஒரு வெள்ளைக் கிரீமும்தான் துணை. சில நாள் கைகள் தானாகவே அந்தப் பழைய டப்பா இருந்த இடத்தைத் துழாவின. இல்லை என்று தெரிந்தும் துழாவின. அந்தக் கைகளைப் பார்த்தாலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கடையில் முதலாளி அவளைப் பின்னறைக்கு மாற்றினார். வாடிக்கையாளர்கள் பயப்படுவார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல், உனக்கு ஓய்வாக இருக்கும் என்றார். லென்ஸ் தேய்க்கிறவர் முதல் நாள் அவள் முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவை மூடினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்து போய்த் தன் மேஜை விசிறியைத் தூக்கிவந்து, அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல், தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். காற்று பட்டதும் எரிச்சல் குறைந்தது. அந்த நாட்களில் அவளுக்குக் கிடைத்த சுகம் அது ஒன்றுதான்.

அக்கா போன் செய்தபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. ஆனால் வாலு அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்தாள். தனக்குப் புதிதாக வெட்டிய முடியைக் காட்டுவதற்காக அழகு நிலையத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம். பிள்ளையின் தலைக்குப் பின்னால், சுவரில், 'முன்பு', 'பின்பு' இரண்டும் அப்படியே இருந்தன. பெஞ்சு நிறைய ஆட்கள். சின்னவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் பல்லைக் காட்டிச் சிரிக்கிற அந்த மினுமினுப்பான முகத்தைப் பார்க்கப் பார்க்க, வாளியில் குழைந்த அந்தக் களிம்பு நாக்கில் பட்ட மாதிரி இருந்தது.

அடுத்த விடுமுறை நாள், கூட்டம் வருகிற நேரமாகப் பார்த்து அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். முகத்தை மூடவில்லை. பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்தது. அழகு நிலையத்துக்குள் நுழைந்து, பெஞ்சில் சரியாகத் தன் படங்களுக்குக் கீழே உட்கார்ந்தாள். அக்கா ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தங்கையைக் கண்டதும் வாயில் பிடித்திருந்த நூல் நழுவி விழுந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி மூக்கைத் துணியால் மூடினாள். கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி வெள்ளை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தன் அம்மாவோடு வந்திருந்தாள். அந்த அம்மாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள், என்னம்மா இது, தீக்காயமா என்று. சின்னவள் கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள்.

"அந்தப் படத்துல இருக்கிறது நான்தான். ரெண்டுமே நான்தான். அதுக்கப்புறம் எடுக்காத படம் இது."

அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்; பிறகு அவளைப் பார்த்தார்கள். மூக்கு, மோவாய், கண் எல்லாம் ஒத்துப்பார்த்தார்கள். அக்கா அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டு வேகமாக வந்தாள். தங்கைக்கு வேறு ஏதோ ஒவ்வாமை, கண்டதையும் சாப்பிட்டிருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளைக் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். சின்னவள் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாளியக் காட்டுக்கா. நான் ஒண்ணும் சொல்லல. சமையலறையில இருக்கிற வாளிய இவங்களுக்கு ஒரு தடவ காட்டிடு, நான் போயிடறேன்."

அக்கா அசையவில்லை.  உள்ளே அத்தான் எதையோ அவசரமாக இழுத்து ஒளித்துவைக்கிற ஓசை எல்லோர் காதிலும் விழுந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா மகளின் மடியிலிருந்த டப்பாவை இரண்டு விரலால் எடுத்து, செத்த எலியைப் போடுவதுபோல், ஜன்னல் திண்டில் வைத்தாள். புருவம் பாதி திருத்திய பெண் ஒரு புருவம் வளைந்தும் ஒரு புருவம் அடர்ந்தும் எழுந்து போனாள்.

கூட்டம் கலைந்தபிறகு அக்கா அழுதாள். குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாயே என்றாள். சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை என்றே சின்னவளுக்குப் பட்டது. ஆனாலும் மனம் இளகவில்லை. சுவரில் இருந்த இரண்டு படங்களையும் அவளே நகத்தால் சுரண்டிக் கிழித்து எடுத்தாள். 'பின்பு' படத்தில் கன்னம் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டாள். வாசலில் வாலு நின்றிருந்தாள். அவள் சித்தியின் முகத்தைப் பார்த்துக் குமட்டலை அடக்குவது தெரிந்தது; ஆனால் ஓடவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தாள்.

டப்பாவை சோதித்த முடிவு வந்தபிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்து வாளியையும் குழாய்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். காட்டிக்கொடுத்தது யாரென்று அக்காவுக்குத் தெரியும். அம்மா போனில் புலம்பினாள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இப்படியா, அவள் தெரியாமல் செய்துவிட்டாள், நீதான் பெரிய மனது பண்ண வேண்டும் என்றாள். அவள் தெரியாமல் செய்யவில்லை அம்மா என்று சொல்லிப் பார்த்தாள் சின்னவள். அம்மாவின் காதில் அது ஏறவில்லை. கொஞ்ச நாளில் அத்தான் எங்கோ காவல் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா முடி வெட்டுவதோடும் புருவத்தோடும் நிறுத்திக்கொண்டாள். அம்மா வீட்டில் சந்தித்தால் சகோதரிகள் இருவரும் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் பேசினார்கள். அக்கா சமைத்த எதையும் சின்னவளால் தொட முடியவில்லை. வயிறு சரியில்லை என்பாள். யாரும் வற்புறுத்துவதில்லை.

முகம் ஆறுவதற்கு வெகுகாலம் பிடித்தது. சிவப்பு தணிந்து, தோல் கொஞ்சம் தடித்தபிறகு டாக்டரம்மா ஜெல்லைத் தொடங்கினார். பட்டாணி அளவு, முகம் நன்றாக உலர்ந்தபிறகு, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் தோல் உரிந்தது. அப்போது பயத்தில் சின்னவள் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். பிறகு பழகியது. பகலில் வெயிலுக்குப் போடுகிற கிரீம். வாசனை கிடையாது, மினுமினுப்பு கிடையாது, அதிசயம் எதுவும் கிடையாது. கறுப்பு பழுப்பானது, பழுப்பு மங்கியது. குழிகள் இருந்தன. முதலாளி அவளை மறுபடி வாசல் மேஜைக்கு வரச் சொன்னார். அவள் பின்னறையே போதும் என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, தோல் இப்போது தெம்பாக இருக்கிறது, இனி விருப்பமிருந்தால் குழிகளுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்றார். சின்னச் சின்ன ஊசிகளால் குத்திச் செய்கிற முறையை விளக்கினார். முழுதாகப் போகாது, ஆனால் பாதிக்குப் பாதி ஆழம் குறையலாம் என்றார். இத்தனை வருடம் இதற்காகத்தானே ஏங்கினோம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. சந்தோஷமாக ஆமாம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் யாரோ தன் கன்னத்தைக் குனிந்து பார்ப்பதையும், விரல் வைத்து இழுத்துப் பிடிப்பதையும் நினைத்ததுமே அந்தப் பின்வாசல் படியும் அக்காவின் கட்டைவிரல் நகங்களும் கண்முன் வந்தன.

"வேண்டாம் டாக்டர். என் மொகத்துல யார் கையும் படறத என்னால இப்போ தாங்க முடியாது."

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. குழி எங்கேயும் ஓடிப்போகாது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி, ஜெல்லை மட்டும் திரும்ப எழுதிக் கொடுத்தார். சின்னவள் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மருந்துக் கடைக்கு நடந்தாள்.